மார்க் போடுகிறவருக்கு மார்க்

கால்குலஸ் தேர்வில் ஒரு கணக்கு. ஒன் பை எக்ஸ் ஸ்கொயர் என்ற சார்பை மைனஸ் 1-லிருந்து பிளஸ் 1 வரை தொகையிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாணவர் புத்தக விதியை வரி பிசகாமல் போடுகிறார். தொகையிட்டால் மைனஸ் ஒன் பை எக்ஸ். மேல் எல்லைக்கு மைனஸ் 1, கீழ் எல்லைக்குப் பிளஸ் 1. கழித்தால் விடை மைனஸ் 2. ஒவ்வொரு ஸ்டெப்பும் கச்சிதம். விடை மட்டும் தப்பு, அதுவும் பெரிய தப்பு. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் வராது. ஆகவே அந்த வளைகோடு முழுக்க அச்சுக்கு மேலேதான் ஓடுகிறது. மேலேயே ஓடும் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு எப்படி மைனஸில் வரும்? நடுவில் பூஜ்யத்தை நெருங்கும்போது கோடு எல்லையில்லாமல் எகிறிவிடுகிறது. அங்கே புத்தக விதி செல்லாது. இந்தத் தொகைக்கு முடிவான விடையே கிடையாது.

இந்த விடைக்குப் பத்துக்கு எத்தனை போடலாம்? "ஸ்டெப் எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று 7 போடும் பேராசிரியர் உண்டு. "மைனஸ் 2-ன்னு வந்ததுமே உறுத்தியிருக்க வேண்டாமா?" என்று 0 போடுகிறவரும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. செமஸ்டர் முடிவில் முதலாமவரின் வகுப்பில் "நன்றாக நடத்துவார், பொறுமைசாலி" என்று எழுதுவார்கள். இரண்டாமவரின் வகுப்பில் "நடத்தியது ஒன்று, கேட்டது ஒன்று" என்று எழுதுவார்கள். இதில் எவ்வளவு பாடத்தைப் பற்றியது, எவ்வளவு மார்க்கைப் பற்றியது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதைப் பிரித்துச் சொல்வது இன்னும் கஷ்டம். அங்கே பாடம் நடத்துகிறவர்தான் பெரும்பாலும் கேள்வித்தாள் எடுக்கிறார். அவரோ, அவருக்குக் கீழ் வேலை பார்க்கும் ஆராய்ச்சி மாணவர்களோ திருத்துகிறார்கள். ஏ-யா, பி-யா, சி-யா என்று கிரேடு போடுகிறவரும் அவரே. தமிழ்நாட்டில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படிப்பவருக்குச் செமஸ்டர் விடைத்தாளை யார் திருத்தினார் என்பது தெரியாது. வகுப்பெடுத்தவர் கையில் இருப்பது இன்டெர்னல் மார்க் மட்டும். அரியர் விழுந்தால் முகம் தெரியாத யாரோ ஒருவரைத் திட்டிவிட்டுப் போகலாம். அமெரிக்காவில் கும்பிடுவதற்கும் ஒரே ஆள், திட்டுவதற்கும் அதே ஆள்.

அந்த ஆளைப் பற்றி மாணவர்கள் சொல்வதை எண்ணாக மாற்றும் பழக்கத்துக்கு வயது நூறை நெருங்குகிறது. 1920-களில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெமர்ஸ் என்ற உளவியலாளர் ஆசிரியர்களை மாணவர்கள் மதிப்பிடுவதற்கென்று ஒரு படிவம் தயாரித்தார். ஆசிரியர் தன் குறையைத் தெரிந்துகொண்டு திருத்திக்கொள்ளட்டும் என்பதுதான் இத்தகைய படிவங்களின் தொடக்க நோக்கம். நாளடைவில் அவை நிர்வாகத்தின் கைக்குப் போயின. யாருக்கு நிரந்தரப் பதவி, யாருக்கு ஒப்பந்த நீட்டிப்பு, யாருக்குச் சம்பள உயர்வு என்று முடிவு செய்யும் கோப்புகளில் அந்தச் சராசரி எண்ணும் இடம்பிடித்தது. மாணவருக்குப் பேராசிரியர் மார்க் போடுவார்; பேராசிரியருக்கு மாணவர் மார்க் போடுவார். இரண்டும் ஒரே செமஸ்டரில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடக்கும்.

கேட்பவரின் திருப்தியை எவ்வளவு சுலபமாகச் சம்பாதித்துவிடலாம் என்பதைக் காட்ட 1970-ல் ஒரு குறும்பான சோதனை நடந்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் கூடிய அவையில் பேச வைத்தார்கள். தலைப்பு, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. அவருக்கு அந்தக் கணிதத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு, முன்னுக்குப் பின் முரணாகவும், இல்லாத சொற்களை இருப்பதுபோலவும், நடுநடுவே நகைச்சுவை தூவியும் பேசப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நேரிலும் காணொளியிலுமாக மூன்று அவைகள், மொத்தம் 55 பேர். பெரும்பாலானோர் படிவத்தில் நல்லபடியாகவே எழுதினார்கள். பேச்சு தங்களைச் சிந்திக்க வைத்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த ஆய்வு 1973-ல் வெளியானது.

ஆனால் அது ஒரே ஒரு சொற்பொழிவு. கேட்டவர்கள் யாரும் தேர்வு எழுதவில்லை. ஒரு முழு செமஸ்டர் கணிதப் பேராசிரியரோடு உட்கார்ந்தவரின் கருத்துக்கும் அவர் கற்றுக்கொண்டதற்கும் என்ன உறவு? இதைச் சோதிக்க மூன்று வசதிகள் வேண்டும். எந்த மாணவருக்கு எந்தப் பேராசிரியர் என்பது குலுக்கல் முறையில் அமைய வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரர்கள் ஒருவரைத் தேடிப் போய்விடுவார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் வேண்டும். மார்க்கில் ஒரு தனி ஆசிரியரின் தாராளமோ கஞ்சத்தனமோ நுழையக் கூடாது.

இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் கொலராடோவில் இருக்கிறது. அமெரிக்க விமானப்படை அகாடமி. அங்கே கேடட்டுகள் கணிதம், அறிவியல், பொறியியல் பாடங்களைக் கட்டாயம் படித்தாக வேண்டும். கால்குலஸ் வகுப்புகளில் ஏறக்குறைய இருபது பேர்தான் இருப்பார்கள். எந்தப் பிரிவில் யார் என்பதை நிர்வாகம் குலுக்கிப் போட்டுவிடும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே நேரத்தில் ஒரே தேர்வு. திருத்துவதிலும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு பேராசிரியர் தன் மாணவர்களின் தாளை முழுசாகத் திருத்துவதில்லை. ஆளுக்குச் சில கேள்விகள் என்று பிரித்துக்கொண்டு, அந்தக் கேள்விகளை எல்லா மாணவர்களின் தாளிலும் அவரே திருத்துவார். மைனஸ் 2 விவகாரத்தில் 7-ஓ 0-வோ, எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவுகோல்.

ஸ்காட் காரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2000 முதல் 2007 வரை அங்கே படித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை எடுத்து அலசினார்கள். 2010-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை கல்வி ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. கால்குலஸ் முதல் தாளில் அனுபவம் குறைந்த, முனைவர் பட்டம் இல்லாத இளைய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் கூடுதல் மார்க் வாங்கியிருந்தார்கள். அந்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் போட்ட மார்க்கும் கூடுதல். இதுவரை வியப்பு ஏதுமில்லை. வியப்பு அடுத்த கட்டத்தில் வந்தது. கால்குலஸ் இரண்டாம் தாளுக்கும், கணிதத்தை நம்பியிருக்கும் பொறியியல் பாடங்களுக்கும் போனபோது முன்னிலை தலைகீழானது. பழுத்த பேராசிரியர்களிடம் படித்து, முதல் தாளில் கொஞ்சம் குறைவாக வாங்கி, "சுமாராகத்தான் நடத்தினார்" என்று எழுதிவிட்டுப் போனவர்கள் அங்கே மேலே வந்தார்கள்.

ஏன் இப்படி? இளையவர்கள் பாடத்திட்டத்தை ஒட்டி, தேர்வுக்கு வேண்டியதை வேண்டிய அளவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். மூத்தவர்கள் தேர்வுக்கு அப்பாலும் போய் அடிப்படையைக் கிளறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். ஒன் பை எக்ஸ் ஸ்கொயர் கணக்கில் விதியைப் போடச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். அந்த விதி எங்கே செல்லாது, ஏன் செல்லாது என்று மண்டையில் ஏற்ற மூன்று வகுப்பு வேண்டும். அந்த மூன்று வகுப்பும் மாணவருக்கு எரிச்சலூட்டும். கேள்வித்தாளில் வராவிட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். மறு வருஷம் காற்றியக்கவியல் வகுப்பில் அது கைகொடுக்கும்போது, போன வருஷத்துப் படிவத்தை எடுத்துத் திருத்தி எழுத வழியில்லை.

இத்தாலியில் மிலான் நகரத்து பொக்கோனி பல்கலைக்கழகத்திலும் இதேபோல் மாணவர்களைக் குலுக்கிப் போட்டுப் பிரித்த ஒரு காலம் இருந்தது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் மூவர் எழுதிய கட்டுரையும் இதே திசையில் சென்றது. அடுத்தடுத்த பாடங்களில் நன்றாகச் செய்யும்படி மாணவர்களைத் தயார் செய்த ஆசிரியர்களுக்கு மதிப்பீட்டில் குறைவாகவே கிடைத்திருந்தது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கெட்டிக்கார மாணவர்கள் நிறைந்த வகுப்பில் இந்தத் தண்டனை இல்லை. அவர்கள் கடினமான ஆசிரியரை அடையாளம் கண்டு மார்க் போட்டார்கள். கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. படிவம் நிரப்பிய நாளில் மழை பெய்திருந்தால் ஆசிரியரின் மார்க் சற்று இறங்கியிருந்தது.

எல்லாப் பாடத்துக்கும் இந்தச் சங்கடம் உண்டு என்றாலும் கணிதத்துக்குக் கூடுதல். 2017-ல் பாப் உட்ல், டிலன் ஸ்மிபர்ட் இருவரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் 14,872 வகுப்பு மதிப்பீடுகளை எடுத்துப் பாடவாரியாக ஒப்பிட்டார்கள். ஆங்கிலம், வரலாறு போன்றவற்றை நடத்துகிறவர்களைவிடக் கணிதம் நடத்துகிறவர்களின் மார்க் தெளிவாகக் கீழே இருந்தது. பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே கட்-ஆஃப் வைத்து, அதற்குக் கீழே இருப்பவர் 'திருப்தியில்லை' என்று முத்திரை குத்தினால் என்ன ஆகும்? ஆங்கிலத் துறையில் சிலரே மாட்டுவார்கள்; கணிதத் துறையில் பெருங்கூட்டம் மாட்டும். கணிதக்காரர்கள் எல்லாம் மோசமாக நடத்துகிறார்கள் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். ஆனால் பாடத்தில் விருப்பமில்லாமல், டிகிரிக்குக் கட்டாயம் என்பதால் வந்து உட்கார்ந்த கூட்டம் கணித வகுப்பில்தான் அதிகம். கட்டுரையில் சுமாராக எழுதியவர் "கருத்து வேறுபாடு" என்று மனதைத் தேற்றிக்கொள்வார். கணக்கில் விடை தப்பினால் தேற்றிக்கொள்ள இடமில்லை.

இன்னொரு காரணம் மனித இயல்பு சார்ந்தது. ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடத்திய ஒரு சோதனை 2019-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நீரோடைபோல் தங்கு தடையில்லாத விரிவுரை. இன்னொரு பிரிவுக்கு அதே பாடம், ஆனால் மாணவர்களே சிறு குழுக்களாகக் கணக்கைப் போட்டுத் திணறிப் பிறகு விளக்கம் பெறும் முறை. பின்பு தேர்வு வைத்தபோது திணறியவர்கள்தான் கூடுதல் மார்க் வாங்கினார்கள். "எவ்வளவு கற்றுக்கொண்டதாகத் தோன்றுகிறது?" என்ற கேள்விக்கோ விரிவுரை கேட்டவர்கள்தான் தாராளமாக விடை சொன்னார்கள். ஆசிரியர் கரும்பலகையில் சரசரவென்று போடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் முதல் வரியிலேயே நிற்கும். கணிதம் படித்த யாருக்கும் இது புதிதில்லை.

திணற விடுவதையே முறையாக்கியவர் ராபர்ட் லீ மூர். 1920 முதல் 1969 வரை ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஓய்வு பெற்றபோது வயது 86. அவர் வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது, விரிவுரையும் கிடையாது. வரையறைகளையும் தேற்றங்களையும் மட்டும் சொல்வார். நிறுவலை மாணவர்களே கண்டுபிடித்து வர வேண்டும். நூலகத்தில் தேடக் கூடாது, அடுத்தவரைக் கேட்கக் கூடாது. வகுப்பில் இருப்பதிலேயே பின்தங்கியவரைத்தான் முதலில் கரும்பலகைக்குக் கூப்பிடுவார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் ஐம்பது பேர். அவர்களில் மூவர் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவர்களானார்கள்.

அவருடைய மாணவர்களின் கருத்து என்ன? மேரி எல்லன் ரூடின் 1949-ல் அவரிடம் முனைவர் பட்டம் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான இடவியலாளர்களில் ஒருவராக வளர்ந்தவர். எந்தப் புதிருக்கும் அஞ்சாத தன்னம்பிக்கையைத் தனக்கு ஊட்டியவர் மூர் என்று அவர் பிற்காலப் பேட்டியில் சொன்னார். அதே பேட்டியில், மற்றவர்கள் பட்ட மேற்படிப்பில் சாதாரணமாகக் கற்றுக்கொள்ளும் கணிதம் எதையும் கற்காமல் வெளியே வந்ததால் ஏமாற்றப்பட்டதுபோல் உணர்ந்ததாகவும் சொன்னார். ஒன்று முதல் ஏழு வரையுள்ள படிவத்தில் ரூடின் எந்த எண்ணை வட்டமிட்டிருப்பார்?

மூரின் வகுப்பைப் பற்றி இன்னொரு தரப்பும் பேச வேண்டும். அவர் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்தவர். வந்து உட்காரலாம், ஆனால் 'சி' கிரேடிலிருந்து தொடங்கிக் கீழேதான் போக முடியும் என்று ஒரு கறுப்பின மாணவரிடம் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. தேர்வு எழுதும் முன்பே கிரேடு எழுதப்பட்டுவிட்டது.

விவியன் மலோன்-மேஸ் அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர். டெக்சாஸின் வேகோ ஊர்க்காரர். உள்ளூரிலிருந்த பேலர் பல்கலைக்கழகம் 1961-ல் நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்கவில்லை. ஆஸ்டினுக்குப் போனார், அங்கே மூர் தன் வகுப்பில் இடம் தரவில்லை. மற்ற ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கிடைத்த உதவி ஆசிரியர் வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை. வழிகாட்டியும் சக மாணவர்களும் காபி குடித்தபடி கணிதம் பேசும் கடை வெள்ளையருக்கு மட்டுமானது. அங்கும் நுழைய முடியவில்லை. 1966-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தன்னைத் திருப்பி அனுப்பிய பேலரிலேயே கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே பணியமர்ந்த முதல் கறுப்பின ஆசிரியர் அவர். 1971-ல் பேலரின் மாணவர் பேரவை அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியராக அவரைத் தேர்ந்தெடுத்தது. மூருக்குக் கட்டடமே கிடைத்தது. 1973-ல் ஆஸ்டினில் கணிதம், இயற்பியல், வானியல் துறைகள் இருக்கும் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2020-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள்.

மாணவர்கள் எப்போதும் பேலர் மாணவர்களைப்போல் இருந்துவிடுவதில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் வணிக, பொருளியல் மாணவர்கள் நிரப்பிய ஏறக்குறைய இருபதாயிரம் படிவங்களை ஃப்ரீடெரிக்கே மெங்கலும் இரண்டு சகாக்களும் ஆராய்ந்தார்கள். பெண் ஆசிரியர்களுக்கு மார்க் குறைவாக விழுந்திருந்தது. அவர்களிடம் படித்தவர்களின் தேர்வு மார்க் குறையவில்லை, படிக்கச் செலவிட்ட நேரமும் மாறவில்லை. கணிதம் அதிகமுள்ள பாடங்களிலும், இளம் பெண் ஆசிரியர்களிடமும் இந்த வெட்டு கூடுதல். விசித்திரம் என்னவென்றால் பாடநூலுக்கும் மார்க் குறைந்திருந்தது. எல்லாப் பிரிவுக்கும் அதே பாடநூல்தான். நடத்தியவர் பெண் என்றால் புத்தகத்தின் தரமும் இறங்கிவிட்டது.

கிரேடு பக்கம் வருவோம். பிளஸ் டூவில் சென்டம் வாங்கிப் பழகிய ஒருவர் அமெரிக்காவில் கணிதமோ பொறியியலோ படிக்கப் போனால் முதல் மிட்டெர்மில் அதிர்ந்துபோவார். நூற்றுக்கு 62. ஊருக்குத் தொலைபேசியில் சொல்லவே கூச்சமாக இருக்கும். இரண்டு நாளில் கிரேடு வரும்: ஏ. வகுப்பின் சராசரி 45 என்பதால் 62 உச்சாணிக் கொம்பு. 'கர்வ்' என்று அவர்கள் சொல்லும் இந்த முறையில் மார்க்கைவிட, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதே கிரேடைத் தீர்மானிக்கிறது. கடினமான கேள்வித்தாள் எடுக்கும் கணிதப் பேராசிரியருக்கு இது வசதி. மாணவருக்கோ, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நன்றாக எழுதினால் தன் கிரேடு இறங்குமோ என்ற பயம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-ல் இதையே கொள்கையாக்கி, ஏ வகை கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று துறைகளுக்கு வரம்பு வைத்தது. தேவையில்லாத போட்டியையும் மன உளைச்சலையும் கிளப்பிவிட்டது என்று சொல்லிப் பத்து ஆண்டில் கைவிட்டது.

கிரேடே போடாத ஆசிரியருக்கு என்ன மதிப்பு கிடைக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. எம்.ஐ.டி.யில் 1962 முதல் கணிதம் நடத்திய கில்பர்ட் ஸ்ட்ராங் 2023 மே 15-ல் கடைசி வகுப்பை எடுத்தபோது அவருக்கு வயது 88. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நேரியல் இயற்கணிதத்தில் அவருடைய வகுப்புகளை எம்.ஐ.டி. இணையத்தில் இலவசமாக வைத்த பிறகு உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பார்த்துக் கற்றார்கள். ஸ்ட்ராங்கைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் அவரிடம் தேர்வு எழுதியவர்களே இல்லை. புரியாவிட்டால் காணொளியை நிறுத்தித் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். சி கிரேடு வாங்கும் அபாயம் இல்லை.

தேர்வும் கிரேடும் கூடவே வந்தால் மாணவர் கருத்து எந்தப் பக்கம் சாயும், அதை நிர்வாகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு நேரெதிரான இரண்டு சம்பவங்கள். 2015 அக்டோபரில் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கோவர்ட் என்ற கணித விரிவுரையாளர், தன் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று பகிரங்கமாக எழுதினார். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் முதலாண்டு கால்குலஸ் வகுப்புகளை நடத்தியவர். மாணவர் மதிப்பீட்டில் அவருக்கு விழுந்த மார்க் மிக உயரம். வீட்டுப்பாடத்துக்கு மார்க் போட்டு மிரட்டிப் படிக்க வைப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. துறையின் வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதே தன் மீதான குறை என்றார் அவர். மாணவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், வளாகத்தில் திரண்டு கோஷம் போட்டார்கள். முடிவு மாறவில்லை.

2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்தது மறுபக்கம். பாடம் கணிதமில்லை, அதைப்போலவே மருத்துவக் கனவுகளைக் கலைக்கும் கரிம வேதியியல். பேராசிரியர் மெய்ட்லண்ட் ஜோன்ஸ், வயது 84, அந்தத் துறையின் பெயர்பெற்ற பாடநூலை எழுதியவர். வகுப்பில் இருந்த 350 பேரில் 82 பேர், உழைப்புக்கு ஏற்ற மார்க் கிடைக்கவில்லை என்று மனு கொடுத்தார்கள். அவரை வேலையை விட்டு எடுக்கும்படி மனுவில் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. பாராட்டிய மாணவர்களால் ஓர் ஆசிரியரைக் காப்பாற்ற முடியவில்லை. புகார் சொன்னவர்களுக்குக் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது.

கோவர்ட் விவகாரம் வெடிப்பதற்கு ஓராண்டு முன்பு, அதே பெர்க்லி வளாகத்தில் புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க்கும் கற்பித்தல் மையத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃப்ரெய்ஷ்டாட்டும் மாணவர் மதிப்பீடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். முதல் குத்து சராசரியின் மீது. ஏழு வரை மார்க் போடும் படிவத்தில் ஒருவருக்கு எல்லாரும் 4 போட்டிருக்கிறார்கள்; இன்னொருவருக்குப் பாதிப்பேர் 7, பாதிப்பேர் 1. இரண்டு பேருக்கும் சராசரி 4. முதலாமவர் யாருக்கும் பெரிதாகப் பயன்படாதவராக இருக்கலாம். இரண்டாமவர் பாதி வகுப்பைத் தூக்கிவிட்டு மீதியைத் தொலைத்தவர். கோப்பில் இருவரும் ஒரே எண். போதாக்குறைக்கு, வகுப்பில் நூறு பேர் இருந்தால் படிவம் நிரப்புவது நாற்பதோ ஐம்பதோ பேர்தான். மிச்சப்பேரின் கருத்து இதே மாதிரிதான் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

மாணவர்களைக் கேட்கவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மாணவருக்கு நேரடியாகத் தெரிந்ததைக் கேளுங்கள் என்றார்கள். குரல் பின் பெஞ்சு வரை கேட்டதா, கரும்பலகையில் எழுதியது படிக்க முடிந்ததா, சந்தேகம் கேட்கப் போனால் ஆள் இருந்தாரா, வகுப்பில் ஆர்வம் வந்ததா என்பதற்கு மாணவரைவிட நல்ல சாட்சி கிடையாது. பாடம் ஆழமாக இருந்ததா, பாடத்திட்டம் காலத்துக்கு ஏற்றதா என்பதைப் பாடநூல், கேள்வித்தாள், திருத்திய விடைத்தாள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துச் சக ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். யாராவது வகுப்பில் போய் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். பெர்க்லி புள்ளியியல் துறை அப்படி ஒரு கோப்பு முறையைத் தொடங்கியது.

ஸ்டார்க், ஃப்ரெய்ஷ்டாட் இருவரின் அறிக்கைகளும் டொரொண்டோவில் ஒரு வழக்கில் சாட்சியமாகின. ரயர்சன் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் பல ஆண்டு இழுபறி. 2018 ஜூனில் நடுவர் வில்லியம் காப்லன் தீர்ப்புச் சொன்னார்: பதவி உயர்வுக்கும் நிரந்தரப் பணிக்கும் கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டைப் பயன்படுத்தக் கூடாது, மாணவரின் அனுபவத்தைத் தெரிந்துகொள்ள அது பயன்படும்.

இந்தியாவில் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு, 2017-ல் கொண்டுவந்த திருத்திய முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. அந்தக் கணக்கெடுப்பில் மாணவர்களிடம் கேட்ட முதல் கேள்வி, பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் முடிக்கப்பட்டது என்பது. ஐந்தாவது கேள்வி இன்டெர்னல் மதிப்பீடு நியாயமாக இருந்ததா என்பது. இரண்டுமே மாணவருக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். ஆனால் விடை கல்லூரிக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்தது. கணிதம் நடத்தியவர் போர்ஷனை முடிக்காமல் விட்டாரா, மற்ற நாலு பேர் விட்டார்களா என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

விமானப்படை அகாடமி ஆய்வின் முறைதான் இருப்பதிலேயே நேர்மையானது என்று தோன்றும். மாணவர் அடுத்த பாடத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முந்தைய ஆசிரியருக்கு மார்க் போடுவது. நடைமுறையில் அதற்குக் குலுக்கல் வேண்டும், பொதுக் கேள்வித்தாள் வேண்டும், கூட்டாகத் திருத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். பிடித்த ஆசிரியரையும் பிடித்த நேரத்தையும் மாணவரே தேர்ந்தெடுக்கும் சாதாரணப் பல்கலைக்கழகத்தில் இதில் பாதிகூட நடக்காது. படிவத்தின் சராசரியோ செமஸ்டர் முடிந்த சில நாளில் மேசைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பேராசிரியரின் ஒப்பந்தமும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் கையெழுத்துக்கு வருகிறது.